வாசல் தகடு, குப்பைப் படம், குறுஞ்செய்தி அபராதம்: சட்டம் என்ன சொல்கிறது?

கேள்வி: மேற்கு மாவட்டம் ஒன்றில் உள்ள நகராட்சியில் சொந்த வீட்டில் வசிக்கிறோம். சென்ற ஆண்டு குப்பை ஒப்பந்த நிறுவனத்தின் ஆட்கள் வந்து, வாசல் சுவரில் க்யூஆர் கோடு பதித்த தகடு ஒன்றை ஒட்டி, என் செல்பேசி எண், குடும்பத்தில் எத்தனை பேர், ஆதார் எண் ஆகியவற்றைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். தினமும் காலையில் தூய்மைப் பணியாளர் அதை ஸ்கேன் செய்து, ‘பிரித்துக் கொடுத்தார்’, ‘பிரிக்காமல் கொடுத்தார்’, ‘கொடுக்கவில்லை’, ‘வீடு பூட்டியிருந்தது’ என்பவற்றுள் ஒன்றை அழுத்துகிறார். காய்கறிக் கழிவு முழுவதையும் மொட்டை மாடியில் தொட்டி வைத்து உரமாக்கிவிடுவதால், வாரத்தில் ஓரிரு நாள்தான் நான் குப்பை கொடுக்கிறேன். இப்போது, ‘தொடர்ந்து குப்பையை ஒப்படைக்கவில்லை, அபராதம் ரூ.500’ என்று குறுஞ்செய்தி வந்திருக்கிறது. அதைவிட வேதனை இன்னொன்று. படுத்த படுக்கையாக இருக்கும் என் மாமியாரின் டயப்பர்களைச் செய்தித்தாளில் சுற்றிப் போட்டிருந்தேன். மேற்பார்வையாளர் அந்தப் பொட்டலத்தைத் தெருவிலேயே பிரிக்கச் சொல்லி, காலி மாத்திரை அட்டைகளோடு சேர்த்துப் படம் எடுத்து, எங்கள் கதவு எண்ணைக் குறிப்பிட்டு வார்டு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். தட்டிக் கேட்டதற்கு, அபராதம் கட்டாவிட்டால் குடிநீர் இணைப்பைத் துண்டிப்போம் என்கிறார். தகட்டைப் பிய்த்து எறியலாமா? அபராதத்தைக் கட்டத்தான் வேண்டுமா? எங்கள் வீட்டுக் குப்பையைக் கிளறிப் பார்க்க இவர்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரிக்கு வணக்கம். முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். தகட்டைப் பிய்க்க வேண்டாம். குறுஞ்செய்தியை மட்டும் நம்பி அபராதத்தைக் கட்ட வேண்டாம். அதே சமயம் அதைக் கண்டுகொள்ளாமலும் இருந்துவிடாதீர்கள், எழுத்து மூலம் மறுப்புத் தெரிவியுங்கள். பொட்டலத்தைப் பிரித்துப் படம் எடுத்துக் கதவு எண்ணோடு ஊருக்குக் காட்டியது எந்த விதியாலும் நியாயப்படுத்த முடியாத அத்துமீறல். உங்கள் கடிதத்தில் உள்ளவற்றுள் சட்டப்படி மிக வலுவான குறை அதுதான். குடிநீரைத் துண்டிப்போம் என்பது வெறும் மிரட்டல்.

இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம். நம்மீது உள்ள கடமையிலிருந்தே தொடங்குகிறேன். ஏனென்றால் கடமையைச் சரியாகச் செய்தவர் என்பதுதான் இந்த விவகாரத்தில் உங்களுக்கு இருக்கும் பெரிய பலம். சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டம், 1986-இன் கீழ் 2016 ஏப்ரல் 8 அன்று வெளியிடப்பட்ட திடக்கழிவு மேலாண்மை விதிகளின் 4-ஆவது விதி, குப்பையை உண்டாக்கும் ஒவ்வொருவரும் அதை மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயகரக் குப்பை என மூன்றாகப் பிரித்துச் சேமித்து, உள்ளாட்சி அமைப்பு அறிவிக்கும் முறைப்படி அதன் பணியாளரிடம் ஒப்படைக்க வேண்டும் என்கிறது. தெருவிலும் சாக்கடையிலும் நீர்நிலையிலும் கொட்டக் கூடாது, எரிக்கக் கூடாது, உள்ளாட்சி அமைப்பு தானே இயற்றும் துணைவிதியில் குறிப்பிட்ட பயனர் கட்டணத்தைச் செலுத்த வேண்டும் என்பனவும் அதே விதியில்தான் இருக்கின்றன. இவற்றின் இடத்தில் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருபவை புதிய விதிகள். அவற்றில் ஈரக் குப்பை, உலர் குப்பை, சுகாதாரக் குப்பை, தனிக் கவனம் தேவைப்படும் குப்பை என்று நான்கு பிரிவுகள். உங்களுக்கு வந்த குறுஞ்செய்தி எந்தத் தேதியில் நடந்ததைச் சொல்கிறதோ, அந்தத் தேதியில் எந்த விதி நடப்பில் இருந்தது என்று பார்த்துத்தான் வாதிட வேண்டும். நேற்று மூன்றாகப் பிரித்தவரை, இன்றைய விதியைக் காட்டி ‘ஏன் நான்காகப் பிரிக்கவில்லை’ என்று தண்டிக்க முடியாது.

இந்த விதிகளை முழுமையாகப் படித்தவர் யாராயினும் உங்கள் மொட்டை மாடித் தொட்டியைப் பாராட்டியிருப்பார். வீட்டிலேயே உரம் தயாரிப்பதை ஊக்குவிக்க வேண்டியது உள்ளாட்சி அமைப்பின் கடமை என்று 2016 விதிகளின் 15-ஆவது விதி சொல்கிறது. இருக்கிற குப்பையைப் பிரித்து ஒப்படைக்கத்தான் விதி கட்டளையிடுகிறதே தவிர, நாள்தோறும் ஏதாவது ஒன்றைக் கொடுத்தே தீர வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை. செயலியில் ‘கொடுக்கவில்லை’ என்று ஒரு பொத்தான் இருக்கிறது. ‘வீட்டிலேயே உரமாக்குகிறார்’ என்று ஒரு பொத்தான் இல்லை. மென்பொருள் எழுதியவர் விட்டுவிட்ட ஒரு வகைக்காக, சட்டம் விரும்புவதைச் செய்கிற குடும்பம் அபராதம் கட்ட வேண்டியதில்லை. இதைத்தான் உங்கள் மறுப்பின் முதல் வாதமாக வைக்க வேண்டும்.

டயப்பர் விஷயத்திலும் தவறு உங்கள் பக்கம் இல்லை. 2016 விதிப்படி, பயன்படுத்திய டயப்பர்களையும் நாப்கின்களையும் தயாரிப்பாளர் தரும் உறையிலோ, உள்ளாட்சி அமைப்பு சொல்லும் பொருத்தமான வேறு தாளிலோ சுற்றி, மக்காத குப்பைக்கான கூடையில் போட வேண்டும். செய்தித்தாளில் சுற்றிப் போட்டீர்கள். அப்படிச் சுற்றச் சொல்வது குப்பையைக் கையாளும் பணியாளரின் கை அதில் படக் கூடாது என்பதற்காக. அந்தப் பொட்டலத்தைத் தெருவில் வைத்துப் பிரிக்கச் சொன்னவர் உங்கள் மாமியாரை மட்டும் அவமதிக்கவில்லை, அதைக் கையால் பிரித்த பணியாளரையும் அவமதித்திருக்கிறார். புதிய விதிகளின்படி இவற்றைத் தனிப் பையில் கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது அபராதம். உடனடி அபராதம் விதிக்கும் அதிகாரம் நகராட்சிக்குக் கிடையாது என்று சிலர் சொல்வது சரியல்ல. குப்பை கொட்டுவோருக்கும் விதிகளைப் பின்பற்றாதோருக்கும் உடனடி அபராதம் விதிக்க அளவுகோல்களை வகுத்துத் துணைவிதி இயற்றலாம் என்றும், அதன்படி அபராதம் விதிக்கும் அதிகாரத்தை அதிகாரிகளுக்கு அளிக்கலாம் என்றும் அதே 15-ஆவது விதி கூறுகிறது. இதில் இரண்டு சொற்களைக் கவனியுங்கள்: துணைவிதி, அதிகாரி. ஆணையர் அனுப்பிய ஒரு சுற்றறிக்கையோ, ஒப்பந்தத்தில் உள்ள ஒரு பிரிவோ துணைவிதி ஆகாது. மன்றத்தின் முன் வைக்கப்பட்டு, சட்டம் சொல்லும் முறைப்படி வெளியிடப்பட்ட துணைவிதியில், இன்ன குற்றத்துக்கு இன்ன தொகை என்று எழுதப்பட்டிருக்க வேண்டும். ஒப்பந்த நிறுவனத்தின் மேற்பார்வையாளர் நகராட்சி அதிகாரி அல்லர். அவர் தகவல் சொல்லலாம், தண்டிக்க முடியாது. ஆகவே உங்களுக்கு வந்த குறுஞ்செய்தியில் துணைவிதியின் எண், பிரிவு, அபராதம் விதித்த அதிகாரியின் பதவிப் பெயர், தவறு நடந்த தேதி ஆகியவை இருக்கின்றனவா என்று பாருங்கள். நீங்கள் எடுத்தெழுதியதைப் பார்த்தால் இவற்றுள் எதுவும் இல்லை. அப்படியானால் அது அபராத ஆணை அல்ல, ஒரு கணினி தானாக அனுப்பிய செய்தி. தண்டிப்பதற்கு முன் சம்பந்தப்பட்டவரின் விளக்கத்தைக் கேட்க வேண்டும் என்ற இயற்கை நீதி, தொகை ஐந்நூறாக இருந்தாலும் ஐந்து இலட்சமாக இருந்தாலும் ஒன்றுதான்.

இப்போது தகட்டுக்கு வருவோம். வீட்டுக்கு வீடு க்யூஆர் கோடு அல்லது ஆர்எஃப்ஐடி (ரேடியோ அலை மூலம் அடையாளம் காட்டும்) பட்டை ஒட்டுவது சட்டவிரோதம் என்று நான் சொல்ல மாட்டேன். எந்தத் தெருவுக்கு வண்டி வரவில்லை, எந்த வீட்டில் குப்பை எடுக்கப்படவில்லை என்பதை அறிய அது உதவும். ஒழுங்காக வேலை நடக்காத வார்டில் ‘தினமும் எடுக்கிறோம்’ என்று பொய்க் கணக்கு எழுதிப் பணம் வாங்குவதைத் தடுக்கவும் உதவும். அந்த வகையில் அது ஒப்பந்ததாரரைக் கண்காணிக்கும் கருவி. சிக்கல் தொடங்குவது, அதே கருவி மெல்ல மெல்லக் குடும்பத்தைக் கண்காணிக்கும் கருவியாக மாறும்போதுதான்.

2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ்.புட்டசாமி தொடுத்த வழக்கில், அந்தரங்கம் என்பது அரசமைப்பின் 21-ஆவது பிரிவு உறுதியளிக்கும் வாழ்வுரிமையின் பகுதி என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அரசு அந்த உரிமைக்குள் நுழைய வேண்டுமானால் மூன்று தகுதிகள் வேண்டும். அதற்கு ஒரு சட்டம் இருக்க வேண்டும். நோக்கம் நியாயமானதாக இருக்க வேண்டும். எடுத்துக்கொள்ளும் நடவடிக்கை அந்த நோக்கத்துக்குத் தேவையான அளவைத் தாண்டக் கூடாது. உங்கள் நகராட்சியின் நோக்கம் நியாயமானதே. அதில் எனக்குச் சந்தேகமில்லை. சட்டம் இருக்கிறதா என்பது துணைவிதியைப் பார்த்தால் தெரியும். மூன்றாவது கேள்வியில்தான் பெரும்பாலான ஊர்கள் தடுமாறும்.

கதவு எண்ணும், அன்று குப்பை எடுக்கப்பட்டதா என்பதும், பிரிக்கப்பட்டிருந்ததா என்பதும் வேலைக்குத் தேவை. குறை சொல்ல ஒரு செல்பேசி எண் இருந்தால் வசதி. குடும்பத்தில் எத்தனை பேர் என்பதைக்கூட, எவ்வளவு குப்பை வரும் என்று கணக்கிடக் கேட்டார்கள் என வைத்துக்கொள்ளலாம். ஆதார் எண் எதற்கு? குப்பை எடுக்க ஆதார் கட்டாயம் என்று சொல்லும் சட்டம் எதுவும் கிடையாது. கொடுக்க மறுத்தால் குப்பை எடுக்க மாட்டோம் என்று சொல்லவும் முடியாது. கொடுத்துவிட்ட எண்ணைப் பதிவிலிருந்து நீக்குமாறு உங்கள் கடிதத்திலேயே கேட்டு எழுதுங்கள்.

‘வீடு பூட்டியிருந்தது’ என்ற பொத்தானைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு நாள் பதிவு என்றால் அதில் ஒன்றுமில்லை. ஆனால் ஓராண்டுப் பதிவைத் தெருவாரியாக அடுக்கிவைத்தால், எந்த வீட்டார் எந்த மாதம் ஊருக்குப் போகிறார்கள், எந்த வீட்டில் வாரக் கடைசியில் ஆள் இருப்பதில்லை, எந்த வீட்டில் முதியவர் தனியாக இருக்கிறார் என்பதெல்லாம் அதில் தெரியும். அந்தப் பட்டியல் நகராட்சியின் கணினியில் இருக்கிறதா, ஒப்பந்த நிறுவனத்தின் கணினியில் இருக்கிறதா, ஒப்பந்தம் முடிந்தபின் அதை யார் வைத்துக்கொள்வார்கள், மேற்பார்வையாளர் தன் சொந்த செல்பேசியில் அதைத் திறந்து பார்க்க முடியுமா என்ற கேள்விகளைக் கேட்க ஒவ்வொரு குடிமகனுக்கும் உரிமை உண்டு. அன்றாடப் பணியைச் சரிபார்க்கச் சில வாரங்களுக்கான பதிவு போதும். ஆண்டுக்கணக்கில் வைத்திருக்க ஒரு நியாயமும் இல்லை.

உங்கள் கடைசிக் கேள்விதான் சட்ட நோக்கில் ஆழமானது: வாசலில் வைத்த பிறகு குப்பை யாருடையது, அதைக் கிளறிப் பார்க்கலாமா? அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1988-இல், கலிஃபோர்னியாவில் லகுனா பீச் என்ற ஊரில் எழுந்த கிரீன்வுட் வழக்கில், தெருவோரம் வைத்துவிட்ட குப்பைப் பையில் அந்தரங்கத்தை எதிர்பார்க்க முடியாது, அதை வேறொருவர் கையில் ஒப்படைத்துவிட்டீர்கள் என்று தீர்ப்பளித்தது. அதைக் காட்டி, ‘தூக்கி எறிந்ததற்கு என்ன உரிமை’ என்று யாரேனும் உங்களிடம் வாதிடக்கூடும். ஆனால் அதே நாட்டில் சியாட்டில் நகரம், 2015 முதல் உணவுக் கழிவைப் பொதுக் குப்பையில் போடக் கூடாது என்று விதித்து, அதில் 10 விழுக்காட்டுக்கு மேல் இருக்கிறதா என்று குப்பை எடுப்பவர்களே பார்த்துச் சொல்லும்படி செய்தபோது, அந்நகரவாசிகள் சிலர் வழக்குத் தொடர்ந்தனர். சியாட்டில் அமைந்துள்ள வாஷிங்டன் மாநிலத்தின் அரசமைப்பு, அமெரிக்கக் கூட்டாட்சி அரசமைப்பைக் காட்டிலும் அந்தரங்கத்துக்கு வலுவான காப்பு அளிப்பது. 2016 ஏப்ரலில் கிங் கவுண்டி நீதிமன்றம், நீதிமன்றத்தின் சோதனை ஆணை இல்லாமல் குப்பையைச் சோதிக்க வழிசெய்த பகுதி அந்த அரசமைப்புக்கு முரணானது என்று தடுத்தது. உணவுக் கழிவைப் போடக் கூடாது என்ற விதி மட்டும் அப்படியே நின்றது. பிரித்துத்தான் போட வேண்டும் என்று கட்டளையிடுவது வேறு, பிரித்தாரா என்று பையைப் பிரித்துப் பார்ப்பது வேறு என்ற வேறுபாட்டை அந்தத் தீர்ப்பு தெளிவாக்குகிறது. இத்தாலியின் தரவுப் பாதுகாப்பு ஆணையமும் 2005-இலேயே, உள்ளே இருப்பது வெளியே தெரியும் பையில் வீட்டுக்காரரின் பெயரையும் முகவரியையும் எழுதி வைக்கச் சொல்வது அளவு மீறியது என்று முடிவு செய்தது; மைக்ரோசிப், பட்டைக்குறி போன்றவற்றை உரிய வரம்புகளுடன் பயன்படுத்தலாம் என்றும் சொன்னது. கருவி கூடாது என்பதல்ல, கருவியைக் கொண்டு எதைப் பார்க்கலாம் என்பதற்கு எல்லை வேண்டும் என்பதுதான் அதன் சாரம்.

வெளிநாட்டுத் தீர்ப்புகள் நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தா. நமக்குப் பயன்படுவது நம் உச்ச நீதிமன்றம் 2004-இல் கனரா வங்கி வழக்கில் சொன்னது. ஆந்திரப் பிரதேசம் முத்திரைச் சட்டத்தில் ஒரு திருத்தம் செய்து, மாவட்ட ஆட்சியர் அதிகாரமளிக்கும் எந்த நபரும் வங்கிக்குள் புகுந்து வாடிக்கையாளரின் ஆவணங்களைப் பார்க்கலாம், எடுத்துச் செல்லலாம் என்று வழிசெய்திருந்தது. அந்தப் பிரிவை நீதிமன்றம் செல்லாது என்று கூறியது. அந்தரங்க உரிமை இடத்தைச் சார்ந்ததல்ல, மனிதரைச் சார்ந்தது; ஆவணத்தை வங்கியிடம் ஒப்படைத்துவிட்டதால் அந்த உரிமை போய்விடாது; எந்த வரையறையும் இல்லாமல் யாருக்கு வேண்டுமானாலும் சோதனை அதிகாரத்தைக் கைமாற்றிவிடவும் முடியாது என்பவை அத்தீர்ப்பின் அடிப்படைகள். கிரீன்வுட் தீர்ப்பின் ‘வேறொருவர் கையில் கொடுத்துவிட்டீர்கள்’ என்ற வாதத்துக்கு நம் மண்ணிலேயே பதில் இருக்கிறது என்பது என் கருத்து. குப்பைப் பணியாளரிடம் நாம் பொட்டலத்தைக் கொடுப்பது அப்புறப்படுத்துவதற்காக. அந்த ஒரு நோக்கத்துக்காகக் கொடுத்ததை வேறொரு நோக்கத்துக்காகத் திறக்க ஒப்பந்த நிறுவனத்தின் மேற்பார்வையாளருக்கு அதிகாரம் இல்லை. கூடையை மேலோட்டமாகப் பார்த்து, மக்கும் குப்பையும் பிளாஸ்டிக்கும் கலந்திருக்கிறது என்று சொல்லலாம். கட்டிய பொட்டலத்தைப் பிரிக்க முடியாது.

வாட்ஸ்அப் படம் இதைவிட ஒரு படி மோசமானது. தமிழ்நாட்டில் ஆட்டோ சங்கர் வழக்கு என்று அறியப்படும் ஆர்.ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில், உச்ச நீதிமன்றம் 1994-இலேயே, ஒருவர் தம் குடும்பம் சார்ந்தவற்றைப் பிறர் அனுமதியின்றி வெளியிடாமல் காத்துக்கொள்ளும் உரிமை உடையவர் என்று கூறி, மீறினால் இழப்பீடு கோரலாம் என்றும் ஏற்றது. ஒரு முதியவரின் உடல்நிலையும் அவர் உட்கொள்ளும் மருந்தும் ஊராருக்கு எந்த வகையிலும் தேவையற்ற செய்தி. ஆகவே முதல் வேலையாக, அந்தக் குழுவில் இருக்கும் நம்பகமான ஒருவரிடம் சொல்லி, படம், அனுப்பியவரின் எண், தேதி, நேரம், அதன் கீழ் வந்த பதில்கள் ஆகியவை தெரியும்படி திரைப்பிடிப்புகளை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். படம் வந்த செல்பேசியை மாற்றாமலும் அழிக்காமலும் வைத்திருக்கச் சொல்லுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதிநியம் எனும் சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவின்படி, மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் சான்றாகக் காட்ட உரிய சான்றிதழ் தேவைப்படும். அதே பிரிவு நகராட்சிக்கும் பொருந்தும். விவகாரம் நீதிமன்றம் வரை போனால், செயலியில் உள்ள பதிவை வெறுமனே அச்செடுத்து நீட்டிவிட முடியாது.

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023 பற்றிப் பலரும் பேசுவதால் அதையும் சொல்கிறேன். அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. ஆனால் தரவை வைத்திருப்போரின் முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதங்கள் கழித்து, 2027 மே மாதவாக்கில்தான் நடைமுறைக்கு வரும். வந்த பிறகு, ஒப்பந்த நிறுவனம் செய்யும் தவறுக்கும் நகராட்சியே பொறுப்பு என்ற நிலை உறுதிப்படும். அரசு சேவைகளுக்காகத் திரட்டும் தரவு தேவையான அளவோடு நிற்க வேண்டும் என்ற தரநிலையும் வரும். ஆனாலும், ‘என்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறாய்’ என்று கேட்கும் உரிமையை அந்தச் சட்டம் பெரும்பாலும் ஒப்புதலின் பேரில் கொடுக்கப்பட்ட தரவுக்குத்தான் தருகிறது. ஒப்புதல் தேவையில்லை, இது பொதுச் சேவை என்று நகராட்சி வாதிட இடமுண்டு. அதனால் இன்றைக்கு உங்கள் கையில் இருக்கும் உறுதியான கருவி 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டமே.

பத்து ரூபாய்க் கட்டணத்துடன் நகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு எழுதுங்கள். வீடுகளில் க்யூஆர் தகடு பொருத்த நகர்மன்றம் நிறைவேற்றிய தீர்மானத்தின் நகல், திடக்கழிவுத் துணைவிதியின் நகலும் அது வெளியிடப்பட்ட தேதியும், ஒப்பந்தத்தில் பொதுமக்களின் விவரங்களைக் கையாள்வது பற்றி உள்ள பிரிவுகளின் நகல், பதிவுகள் எத்தனை நாள் வைக்கப்படும் என்று காட்டும் ஆணை, உங்கள் கதவு எண்ணுக்கு எதிராக இதுவரை பதிவான அனைத்தின் நகல், அபராதம் விதிக்க அதிகாரமளிக்கப்பட்ட அலுவலர்களின் பதவிப் பட்டியல் ஆகியவற்றைக் கேளுங்கள். ‘ஏன்’, ‘எப்படி’ என்று விளக்கம் கேட்காமல், ஆவணங்களின் நகலை மட்டும் கேட்டால் தட்டிக்கழிப்பது கடினம். 30 நாள்களுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ, அரைகுறையாக வந்தாலோ, 30 நாள்களுக்குள் முதல் மேல்முறையீடு. அதிலும் தீராவிட்டால் 90 நாள்களுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். அண்டை வீட்டாரின் பதிவுகளைக் கேட்காதீர்கள். அது தனிநபர் தகவல் என்று மறுக்கப்படும், மறுக்கப்படுவதும் நியாயம்தான்.

இதற்குக் காத்திராமல் இந்த வாரமே அனுப்ப வேண்டிய கடிதம் ஒன்று உண்டு. நகராட்சி ஆணையருக்கு, நகலை நகர்நல அலுவலருக்கோ துப்புரவு ஆய்வாளருக்கோ அனுப்பி, ஒப்புகையுடன் கூடிய விரைவுத் தபாலில் எழுதுங்கள். குறுஞ்செய்தி வந்த தேதியைக் குறிப்பிட்டு, மக்கும் குப்பையை வீட்டிலேயே உரமாக்குகிறீர்கள், மற்றதைப் பிரித்து இன்ன கிழமைகளில் ஒப்படைக்கிறீர்கள், எனவே எந்த விதியும் மீறப்படவில்லை என்று சொல்லுங்கள். உரத்தொட்டியின் படத்தை இணைத்து, விரும்பினால் அலுவலர் நேரில் வந்து பார்க்கலாம் என்றும் எழுதுங்கள். எந்தத் துணைவிதியின் எந்தப் பிரிவின்கீழ் எந்த அதிகாரி அபராதம் விதித்தார் என்று தெரிவிக்குமாறும், அதுவரை வசூல் நடவடிக்கையை நிறுத்திவைக்குமாறும் கேளுங்கள். தனிப் பத்தியில், வாட்ஸ்அப் படத்தை உடனே நீக்க வேண்டும், அனுப்பியவர்மீது நடவடிக்கை எடுக்க வேண்டும், இனி பொட்டலங்களைப் பிரிப்பதும் கதவு எண்ணுடன் படம் வெளியிடுவதும் கூடாது என்று ஒப்பந்த நிறுவனத்துக்கு எழுத்து மூலம் அறிவுறுத்த வேண்டும் என்று கோருங்கள். சொத்து வரியையும் குப்பைப் பயனர் கட்டணத்தையும் வழக்கம்போல் கட்டி ரசீதுகளைக் கோப்பில் வையுங்கள். நிலுவை வைத்துக்கொண்டு உரிமை கேட்டால் பேச்சு நிலுவையைச் சுற்றியே போய்விடும்.

குடிநீர் மிரட்டலுக்கு நீண்ட பதில் தேவையில்லை. குடிநீர் கட்டணம் கட்டாததற்கு இணைப்பைத் துண்டிப்பதற்கே முறைப்படி அறிவிப்பு வேண்டும். குப்பை அபராதத்துக்காகக் குடிநீரை நிறுத்தச் சட்டத்தில் வெளிப்படையான அதிகாரம் இருந்தால் ஒழிய அது கூடாது. படுக்கையில் நோயாளி இருக்கும் வீட்டில் அப்படிச் செய்தால், உயர் நீதிமன்றத்தை அணுகி உடனடியாக இடைக்கால உத்தரவு கேட்க முடியும்.

தகட்டைப் பிய்க்க வேண்டாம் என்று ஏன் சொன்னேன் என்றால், பிய்த்தால் நகராட்சியின் பொருளைச் சேதப்படுத்தியவர் என்று நீங்கள் எதிர்த்தரப்பில் நிற்க நேரிடும். இன்று உங்களுக்கு இருக்கும் வலுவான நிலை வீணாகும். இன்னொரு காரணமும் உண்டு. பல ஊர்களில், வாசலில் ஸ்கேன் செய்யும் தூய்மைப் பணியாளரின் வேலைக்கு அதுவே கணக்கு. இத்தனை வீடு ஸ்கேன் ஆகவில்லை என்றால் அவரைத்தான் கேட்பார்கள். சண்டிகர், நாக்பூர் போன்ற நகரங்களில் தூய்மைப் பணியாளர்களின் கையில் ஜிபிஎஸ் கடிகாரத்தைக் கட்டி, அவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று நாள் முழுவதும் பார்க்கத் தொடங்கியபோது, தங்களை அடிமைகளைப்போல் நடத்துவதாக அவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். உங்களைப் பார்க்கும் அதே கண் அவர்களை இன்னும் உன்னிப்பாகப் பார்க்கிறது. எனவே வாசலில் அவரிடம் கோபப்பட வேண்டாம். பொட்டலத்தைப் பிரிக்கச் சொன்னது மேற்பார்வையாளர் என்பதைக் கடிதத்தில் தெளிவாக எழுதுங்கள். இல்லையென்றால் பழி பணியாளர்மீது விழுந்து, வேலையும் போய்விடக்கூடும்.

ஆணையரிடமிருந்து முறையான பதில் வரவில்லையென்றால், உள்ளாட்சி அமைப்புகளின் நிர்வாகச் சீர்கேடுகளை விசாரிக்க 2014-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த முறைமன்ற நடுவத்தில் முறையிடலாம். அதைவிட நான் பரிந்துரைப்பது, வழக்கறிஞர்களிலேயே பலர் நினைவில் கொள்ளாத ஒரு வழியை: நிரந்தர மக்கள் நீதிமன்றம். சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 1987-இன் 22-ஏ பிரிவு, ‘பொதுப் பயன்பாட்டுச் சேவை’ என்ற வரையறைக்குள் போக்குவரத்து, அஞ்சல், மின்சாரம், குடிநீர் ஆகியவற்றோடு பொதுத் துப்புரவையும் வைத்திருக்கிறது. நீதிமன்றத்தில் வழக்குத் தொடுப்பதற்கு முன்பே அங்கே மனு கொடுக்கலாம். நீதிமன்றக் கட்டணம் இல்லை. முதலில் சமரசத்துக்கு முயல்வார்கள், முடியாவிட்டால் தீர்ப்பு வழங்கவும் அதிகாரம் உண்டு. சமரசம் செய்ய முடியாத குற்றம் தொடர்பானவற்றை அங்கே எழுப்ப இயலாது. அபராதத்தை ரத்து செய்வது, ஆதார் எண்ணை நீக்குவது, படத்துக்காக வருத்தமும் இழப்பீடும் பெறுவது ஆகிய மூன்றையும் ஒரே மனுவில் கேட்க அது ஏற்ற இடம். துணைவிதியே இல்லாமல் ஊர் முழுவதும் அபராதம் வசூலிக்கப்படுகிறது என்று தகவல் மனுவின் பதிலில் தெரியவந்தால், அப்போது அரசமைப்பின் 226-ஆவது பிரிவின்கீழ் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு தாக்கல் செய்வது பொருத்தமாக இருக்கும். அதில் உங்கள் தெருக்காரர்களும் சேர்ந்துகொள்ளலாம்.

செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். அதே 1987 சட்டத்தின் 12-ஆவது பிரிவின்படி, வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி பெறும் உரிமை உண்டு. உங்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குக் குறுஞ்செய்தியின் அச்சு, திரைப்பிடிப்புகள், வரி ரசீது, ஆணையருக்கு அனுப்பிய கடிதத்தின் நகல், தபால் ஒப்புகை ஆகியவற்றுடன் செல்லுங்கள். மனு எழுதித் தருவதற்கும் உடன் வந்து வாதாடுவதற்கும் வழக்கறிஞரை அவர்களே நியமித்துத் தருவார்கள்.